விதை நெல்லைக் காத்த வாத்தியார்கள்



பள்ளிகளில் குறுவட்டத் தடகளப் போட்டிகள் வந்துவிட்டாலே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று உடற்கல்வி ஆசிரியர்கள். பலர் பெற்றோர். "சார், பையன் நல்லா ஓடுறான். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட விடலாம்?" "பொண்ணு நூறு மீட்டர்ல முதலிடம் சார், காலையிலயும் சாயங்காலமும் பயிற்சி கொடுக்கலாமா?" இப்படிக் கேட்கிறீர்கள்.

நான் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சமூக அறிவியல் பாடம் எடுத்தவனுக்கு வரலாற்றிலிருந்துதான் பதில் சொல்லத் தெரியும். பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

2012 ஆகஸ்ட் 9, லண்டன் ஒலிம்பிக். ஒரே மைதானத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு இறுதிப் போட்டிகள் நடந்தன. முதலில் 800 மீட்டர். கென்யாவின் டேவிட் ருடிஷா தொடக்கம் முதல் முடிவு வரை தானே முன்னால் ஓடி, 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனை படைத்தார். அடுத்தது 200 மீட்டர். ஜமைக்காவின் உசைன் போல்ட் 19.32 விநாடியில் வென்றார். இரண்டாவது வந்த யோகான் பிளேக், மூன்றாவது வந்த வாரன் வியர் இருவரும் ஜமைக்காக்காரர்களே.

இவர்களை வளர்த்த கதையைத் தேடிப் போனால் நாம் போய் நிற்பது பெரிய விளையாட்டு நிறுவனங்களின் வாசலில் அல்ல. இரண்டு ஏழை நாடுகளின் உயர்நிலைப் பள்ளி மைதானங்களில்.

செருப்புத் தொழிற்சாலைக்காரர் வகுத்த பருவம்

அந்த மைதானங்களுக்குப் போகுமுன் நியூசிலாந்துக்கு ஒரு நடை போய் வருவோம். ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்றொருவர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை. பயிற்சியாளர் பட்டம் எதுவும் கிடையாது. எவ்வளவு ஓடினால் உடம்பு தாங்கும், எந்த வரிசையில் ஓடினால் வேகம் கூடும் என்று தன் உடம்பையே சோதனைக்கூடமாக வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தார். பிறகு தன் பகுதி இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அன்றே சிறிது நேரத்தில் இன்னொரு சீடர் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். ஹால்பெர்க்குக்கு இளம் வயதில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை செயலிழந்திருந்தது. மாரத்தானில் மூன்றாவது சீடர் பாரி மகீ வெண்கலம் பெற்றார்.

லிடியார்ட் செய்தது என்ன? ஓட்டப் பயிற்சியைப் பயிர்த்தொழில் போல ஆக்கினார். நாம் ஆடிப்பட்டம் தேடி விதைப்பதைப் போல அவருக்கும் ஒரு பட்டம் உண்டு. முதலில் பல வாரங்கள் நீண்ட, நிதானமான ஓட்டம். 800 மீட்டர்க்காரரான ஸ்னெல் கூட வாரம் 160 கிலோமீட்டர் ஓடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அடுத்த சில வாரங்கள் மேட்டில் ஏறும் பயிற்சி. அதன் பின்புதான் மைதானத்தில் வேகப் பயிற்சி. போட்டி நெருங்கும்போது பயிற்சியின் அளவைக் குறைத்து உடம்பைத் தெளியவிடுவார்.

160 கிலோமீட்டர் என்பது வளர்ந்த ஆண்களுக்கான கணக்கு. அதை அப்படியே எடுத்துப் பிள்ளைகள் மேல் போட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசை. வேர் பிடிக்கும் முன் உரத்தைக் கொட்டினால் பயிர் கருகும். அடித்தளம் இல்லாமல் வேகப் பயிற்சி கொடுத்தால் பிள்ளையும் அப்படித்தான்.

ஈட்டன் ஊருக்கு வந்த புவியியல் வாத்தியார்

இப்போது கென்யா. ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் ஈட்டன் என்ற சிற்றூர். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். அங்கே புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளி. 1976இல் அயர்லாந்திலிருந்து காம் ஓ'கானல் என்ற இளம் துறவற சகோதரர் புவியியல் கற்பிக்க அங்கே வந்தார். ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் பயிற்சி கொடுத்து வந்தவர் பீட்டர் ஃபாஸ்டர். அதே 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் வெண்கலம் வென்ற பிரிட்டன் வீரர் பிரெண்டன் ஃபாஸ்டரின் தம்பி. அவர் ஊர் திரும்பியபோது அந்தப் பொறுப்பு புவியியல் வாத்தியார் தலையில் விழுந்தது.

நம் பள்ளிகளிலும் இது நடப்பதுதானே! பி.இ.டி. இல்லாத பள்ளியில் கணக்கு சாரோ தமிழம்மாவோ விசிலை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவதில்லையா?

தெரியாது என்பதையே அவர் தன் பலமாக மாற்றிக்கொண்டார். மாணவர்கள் ஓடுவதை உட்கார்ந்து கவனித்தார். பாதம் எப்படி விழுகிறது, தோள் இறுகுகிறதா, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தார். விடியற்காலையில் மண்பாதையில் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் மெதுவான ஓட்டம். பிறகு நடையையும் ஓட்ட வடிவையும் சீராக்கும் எளிய பயிற்சிகள். அப்பியாசம் முடிந்தால் வகுப்பு. வகுப்பு முடிந்தால் ஓய்வு. படிப்பையும் ஓட்டத்தையும் அவர் பிரிக்கவில்லை.

1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்தப் பள்ளியின் மாணவர் பீட்டர் ரோனோ 21 வயதில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். இன்னொரு மாணவர் வில்சன் கிப்கெட்டர் டென்மார்க்கில் குடியேறி, 1997இல் 800 மீட்டர் உலக சாதனையை 1 நிமிடம் 41.11 விநாடிக்குக் கொண்டுபோனார். 1989 முதல் பள்ளி விடுமுறை நாள்களில் ஓ'கானல் இளையோர் முகாம்கள் நடத்தினார். பெண்பிள்ளைகளுக்கு அவை பெரிய வாசல் திறந்துவிட்டன.

அப்படியோர் இளைஞனாகத்தான் ருடிஷா அவரிடம் வந்தார். மாசாய் இனத்துப் பையன். அவருடைய அப்பா டேனியல் ருடிஷா 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் வெள்ளி வென்றவர். பையனும் 400 மீட்டர் ஓடுபவனாகத்தான் வந்தான். இவனுக்கு 800 மீட்டர் பொருந்தும் என்று கண்டவர் ஓ'கானல். 2006இல் ருடிஷா உலக இளையோர் சாம்பியன். 2009 பெர்லின் உலகப் போட்டியில் அரையிறுதியோடு வெளியேற்றம். ஆசிரியர் பதறவில்லை. 2010இல் கிப்கெட்டரின் உலக சாதனையை ருடிஷா முறியடித்தார். பழைய மாணவரின் சாதனையைப் புதிய மாணவர் உடைத்தார்! இதைவிட ஒரு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

சபீனா பார்க்கில் தொடங்கிய பள்ளி விழா

நெடுந்தூரத்துக்கு ஈட்டன் என்றால், விரைவோட்டத்துக்கு ஜமைக்கா. கிங்ஸ்டன் நகரின் சபீனா பார்க் மைதானம் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கேதான் 1910 ஜூன் மாதம் ஆறு பள்ளிகள் சேர்ந்து ஓர் ஓட்டப் போட்டி நடத்தின. அது இன்றும் நடக்கிறது. ஊரார் அதை 'சாம்ப்ஸ்' என்பார்கள். மார்ச் மாதத்தில் சில நாள்கள் நாடே தேசிய மைதானத்தின் பக்கம் திரும்பிவிடும். மாணவர்கள் ஓட, பழைய மாணவர்களான தாத்தாக்கள் தங்கள் பள்ளிக் கொடியோடு வந்து கத்துவார்கள். லண்டனில் மேடை ஏறிய மூவரும் இந்த சாம்ப்ஸில் பள்ளிக்காக ஓடி வந்தவர்களே.

ஒரு திருவிழா மட்டும் வீரர்களை உருவாக்கிவிடாது. அதன் பின்னால் ஆசிரியர்கள் நின்றார்கள். ஜி.சி. ஃபாஸ்டர் என்ற ஓட்டக்காரர் 1908இல் வாழைப்பழக் கப்பலில் ஏறி லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். ஜமைக்கா ஒலிம்பிக் அமைப்பில் சேரவில்லை என்று அவரை ஓட விடவில்லை. அவர் பிறகு பயிற்சியாளராக வாழ்ந்தார். அவர் பெயரில் 1980இல், கியூபா அரசின் கொடையாக, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்று எழுந்தது. அங்கே படித்தவர்கள் தீவின் மூலைமுடுக்கெல்லாம் உள்ள பள்ளிகளுக்குப் போனார்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற ஹெர்ப் மெக்கென்லி, கலபார் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். டென்னிஸ் ஜான்சன் அமெரிக்காவில் பட் வின்டர் என்ற பயிற்சியாளரிடம் கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார். வின்டரின் பாடம் இது: பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தையும் போடுகிறவனைவிட, தாடையையும் கைகளையும் தளரவிட்டு நூற்றுக்குத் தொண்ணூறு பலத்தில் ஓடுகிறவன் வேகமாக ஓடுவான்.

அங்கும் பருவம் உண்டு. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் புல்தரையிலும் மேட்டிலும் உடம்பைத் திடப்படுத்தும் பயிற்சி. புத்தாண்டுக்குப் பிறகு சிறு போட்டிகள். பிப்ரவரியில் தொடரோட்டப் போட்டிகள். மார்ச்சில் சாம்ப்ஸ்.

விரைவோட்டக்காரரின் தேவை நெடுந்தூரக்காரருடையதிலிருந்து வேறு. நெடுந்தூரக்காரர் இதயத்தையும் நுரையீரலையும் வளர்க்கிறார். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் வேலை. விரைவோட்டக்காரர் நரம்புக்கும் தசைக்கும் வேகத்தைக் கற்றுக்கொடுக்கிறார். களைத்த உடம்பு வேகத்தைக் கற்காது. ஆகவே 30 மீட்டர், 60 மீட்டர் என்று குறுகிய ஓட்டங்கள். முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிடம். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை சும்மா நிற்பது போலத் தெரியும். அந்த நிற்றலும் பயிற்சிதான்.

போல்ட் கதையில் உள்ள எச்சரிக்கை

போல்ட் படித்தது ட்ரெலானி மாவட்டத்தின் வில்லியம் நிப் நினைவுப் பள்ளி. அங்கே கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனை ஓட்டத்துக்குத் திருப்பினார்கள். 1964 ஒலிம்பிக்கில் ஓடிய பாப்லோ மெக்நீல் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். 2002இல் கிங்ஸ்டனில் நடந்த உலக இளையோர் போட்டியில் 15 வயதில் 200 மீட்டர் தங்கம். அன்று பதற்றத்தில் காலணிகளை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டாராம்! 2004இல், 17 வயதில், 19.93 விநாடி. இருபது வயதுக்குட்பட்டவர் எவரும் அதுவரை 200 மீட்டரை 20 விநாடிக்குள் ஓடியதில்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அதே ஆண்டு பின்தொடைத் தசையில் காயம். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு வெளியேறினார். அவர் முதுகெலும்பில் பிறவி வளைவு ஒன்றும் இருந்தது. வேகமாக வளர்ந்த உயரம், வளைந்த முதுகு, பெரிய எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து அழுத்தின. பேசாமல் விட்டிருந்தால் 'அப்போது நன்றாக ஓடிய பையன்' என்ற பட்டியலில் அவரும் சேர்ந்திருப்பார்.

அப்போதுதான் கிளென் மில்ஸ் என்ற பயிற்சியாளர் பொறுப்பேற்றார். அவரும் பள்ளிப் பயிற்சியாளராகத் தொழிலைக் கற்றவர். உடனே வேகத்தைக் கேட்கவில்லை. முதுகையும் இடுப்பையும் வலுவாக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்தார். 2007 ஒசாகா உலகப் போட்டியில் 200 மீட்டர் வெள்ளி. 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் 9.69, 200 மீட்டர் 19.30. 2009 பெர்லினில் 9.58, 19.19. ஏதென்ஸில் நொண்டிய பையனுக்கும் பெர்லினில் பறந்த மனிதருக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள்.

சாம்ப்ஸ் குறித்து ஜமைக்காவிலேயே ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. பள்ளியின் புள்ளிகளுக்காகச் சில நாள்களுக்குள் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி, தொடரோட்டம் என்று ஒரே பிள்ளையை மீண்டும் மீண்டும் ஓடவிட்டால் அவன் இருபது வயதில் என்ன ஆவான் என்று அங்கும் கேட்கிறார்கள். சரியான கேள்வி. நம் ஊர்க் கோப்பைகளுக்கும் அது பொருந்தும். ஒரே நாளில் 100, 200, 400, தொடரோட்டம், நீளம் தாண்டுதல் என்று எல்லாவற்றிலும் ஒரே பிள்ளையின் பெயரை எழுதுகிற பழக்கம் நமக்கும் உண்டே.

ஆக, என் பதில்

விவசாயி எவ்வளவு பசித்தாலும் விதை நெல்லைக் குத்திச் சமைக்க மாட்டான். பள்ளிப் பிள்ளையின் உடம்பும் ஆசையும் விதை நெல். ஈட்டனின் வாத்தியாரும் கிங்ஸ்டனின் பயிற்சியாளரும் அந்த நெல்லைக் காத்தவர்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, ஜூன் மாதத்திலிருந்தே மெதுவாகத் தொடங்குங்கள். போட்டி அறிவிப்பு வந்த பிறகு பத்து நாளில் பிழிந்தெடுக்காதீர்கள். நெடுந்தூரக்காரனையும் விரைவோட்டக்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பயிற்சி கொடுக்காதீர்கள். கடினமான நாளுக்கு அடுத்த நாள் எளிதாக இருக்கட்டும். கடைசி வாரத்தில் அளவைக் குறையுங்கள்.

பெற்றோரே, வலி என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். வயிறாரச் சோறு போடுங்கள், முட்டையோ கடலையோ சேர்த்துக் கொடுங்கள், நேரத்தில் தூங்க வையுங்கள். போட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது "எத்தனாவது வந்தே?" என்று கேட்பதற்கு முன்னால், "நாளைக்கும் ஓடணும்னு ஆசையா இருக்கா?" என்று கேளுங்கள். ஆசையாக இருக்கிறது என்று அவன் சொன்னால் பயிற்சி சரியான பாதையில்தான் போகிறது.

உங்கள் பள்ளிகளில் இந்த ஆண்டு யார் யார் ஓடுகிறார்கள் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் பழைய வாத்தியார்