ராட்டர்டாமுக்கு இரண்டு வழிகள்

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு தமிழ்ப் படங்கள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மைப் பிரிவான டைகர் போட்டிக்குத் தேர்வாயின. 2020-இல் அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது பெற்றது. 2021-இல் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ டைகர் விருதையே வென்றது. இரண்டிலும் நட்சத்திரங்கள் இல்லை. இரண்டுமே ஒரே நாளுக்குள் முடியும் கதைகள். ஆனால், பணம் வந்த திசையும் நேரமும் வேறு. படங்களின் அடுத்தகட்டக் கதையும் அதனால்தான் வேறானது என்று தோன்றுகிறது.

எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதை ஒன்றிலிருந்து பிறந்தது ‘நசீர்’. கோவை ஜவுளிக்கடை விற்பனையாளர் ஒருவரின் ஒரு நாள். கடைக்குள் அவர் பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கிறார்; வெளியே ஒலிபெருக்கி வெறுப்பைப் பேசிக்கொண்டிருக்கிறது. விழாவை நிறுவிய ஹூபர்ட் பால்ஸின் பெயரால் ராட்டர்டாம் நடத்தும் நிதி இந்தப் படத்துக்குக் கிடைத்தது. டச்சு நிறுவனம் ஒன்றும் கூட்டுத் தயாரிப்பாளரானது. இந்த வழியில் பணத்துக்கு முன்னால் காகிதம் வரவேண்டும்: திரைக்கதை, பட்ஜெட், இயக்குநர் குறிப்பு. அந்நிய நாட்டுத் தேர்வுக்குழு ஒன்று காகிதத்தைப் படித்தே படத்தை நம்பவேண்டும். எழுத்தில் தேர்ந்தவருக்கு இது தோதான வழி. இங்குள்ள தயாரிப்பாளரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதும் பெரிய விடுதலை.

‘கூழாங்கல்’ தலைகீழ். குடிகாரத் தந்தை, பள்ளியிலிருந்த மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியை அழைத்துவரப் புறப்படுகிறான். மேலூர்ப் பக்கத்து வெயிலில் நடக்கும் சிறுவன் தாகத்துக்குக் கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வினோத்ராஜின் சகோதரி பட்ட துயரமே இதற்கு விதை. முதலில் படம் பிடித்தார்கள். ஆதரவு பிறகுதான் வந்தது. கோவாவின் ஃபிலிம் பஜார் என்னும் திரைப்படச் சந்தையில் படத்தைப் பார்த்த இயக்குநர் ராம் வழியாக நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிப்பை ஏற்றார்கள். இங்கே நம்பிக்கையைச் சம்பாதித்தது காகிதமல்ல, காட்சி. ஆனால், யாராவது பார்த்து ஏற்கும்வரையிலான ஆபத்து முழுவதும் படம் எடுத்தவர்கள் தலையில்.

விழாவுக்கு அனுப்பும்போது இருவருக்கும் சட்டம் ஒன்றே. பெரிய போட்டிகள் உலக முதல் திரையிடலையே விரும்பும். அதனால் ஒரு விழாவின் பதில் வரும்வரை படத்தை வேறெங்கும் காட்டாமல் பூட்டிவைக்க வேண்டும். அந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை மட்டும் நிற்காது. டைகர் விருதின் தொகை 40,000 யூரோ, 2021-இன் மதிப்பில் சுமார் 35 லட்சம் ரூபாய். வெல்பவருக்கு அது பெரிது. தேர்வாகி வெறுங்கையோடு திரும்புபவருக்கு மிஞ்சுவது போஸ்டரில் அச்சிட விழாவின் ஓர் இலைமுத்திரை.

வேறுபாடு அதற்கடுத்துத்தான் தெரிகிறது. வெளிநாட்டு நிதியில் உருவான ‘நசீர்’ விழாக்களிலும் இணையத்திலும் பார்வையாளரைத் தேடிக்கொண்டது. தமிழ்நாட்டு விநியோகத்தில் அதற்குச் சொந்தக்காரர் யாருமில்லை. ‘கூழாங்கல்’லுக்கு இருந்தார்கள். ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் ஆனது. அப்படியிருந்தும் விருது வாங்கி இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து, 2023 அக்டோபரில் சோனிலிவ் தளத்தில்தான் பொதுமக்கள் அதைப் பார்க்க முடிந்தது. ஆனால், உள்ளூர்த் திரையுலகோடு ஏற்பட்ட அந்தத் தொடர்பு வீண்போகவில்லை. வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’யைச் சிவகார்த்திகேயனின் நிறுவனம் தயாரித்தது, சூரி நடித்தார். 2024-இல் பெர்லின் விழாவுக்குப் போன அதே படம் ஆகஸ்டில் நம்மூர்த் திரையரங்குகளுக்கும் வந்தது.

ஆக, விழா நிதி படைப்பாளிக்கு முதல் சுதந்திரத்தைத் தருகிறது. உள்ளூர்த் தயாரிப்பாளர் படத்துக்கு ஊர் திரும்பும் வழியைத் தருகிறார். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்வதில்லை. விருதுச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டுக் கொண்டாடும் நாம், அந்தப் படங்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு திரையைக்கூட ஒதுக்கிவைக்கவில்லை. அதைச் செய்யாதவரை, பெரிய பெயர் ஒன்று கைகொடுத்த படம் மட்டுமே திரையரங்கை எட்டும். மற்றதை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து நமக்குச் சொல்வார்கள்.