மதிப்பீடு

மதிப்பு + இடு = மதிப்பிடு. அதன் இகரம் நீண்டு பிறந்த பெயர்தான் மதிப்பீடு. முதலீடு, ஒப்பீடு, குறியீடு எல்லாம் இதே அச்சு. மதிப்பை யாரோ ஒருவர் இடுகிறார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வீடு விற்கும்போது அப்படி இடுபவர்கள் பலர். விற்பவர் சொல்வது விலை. பதிவுத்துறை தெருவாரியாக வைத்திருப்பது வழிகாட்டி மதிப்பு. பத்திரச் செலவுக்கு அது அடிப்படை. பலர் மறந்துவிடுவது, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரை. மனைக்குத் தனிக் கணக்கு, கட்டடத்துக்குத் தனிக் கணக்கு என்று போட்டு, கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். அனுமதியில்லாமல் மாடியில் எழுப்பிய அறையைப் பெரும்பாலும் சேர்க்கமாட்டார், தேக்குக் கதவே போட்டிருந்தாலும்.

80 லட்சத்துக்குப் பேசி முடித்த வீட்டுக்கு அவர் 70 லட்சம் என்று எழுதினால்? ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 64 லட்சம் எதிர்பார்த்தவருக்கு 56 லட்சம்தான் கிடைக்கும். அந்த 8 லட்சத்தை அவர் கைக்காசாகப் போட வேண்டும். இல்லையேல் பேரம் மறுபடி முதலிலிருந்து.

மதிப்புக்கு மரியாதை என்றும் பொருள் இருப்பதாலோ என்னவோ, அறிக்கையைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வாங்குபவர் மூலம் நகல் கேட்டு, சதுர அடியும் கட்டிய ஆண்டும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.