அக்கரையும் படுவான்கரையும்: மின்னஞ்சல் முகவரியின் வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர் எதிர்க்கரையை இருவகையாகச் சுட்டுவர். ‘அக்கரை’ என்பது சொல்வோன் நிற்குமிடத்தைப் பொறுத்தது. அவன் தோணியேறி மறுபுறம் சேர்ந்ததும் அதுவே ‘இக்கரை’யாகிவிடும். ஞாயிற்றின் தோற்றமும் மறைவும் பற்றி வழங்கும் எழுவான்கரை, படுவான்கரை என்னும் பெயர்களோ அவன் எங்கு நிற்பினும் மாறா. மின்னஞ்சல் முகவரியின் வரலாறும் முதல்வகைப் பெயரிலிருந்து இரண்டாம்வகைப் பெயரை நோக்கிய பயணமே எனலாம்.

1971இல் ரே டொம்லின்சன் பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் ‘@’ குறியால் இணைத்தார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் யுனிக்ஸ் கணினிகளிடையே தொலைபேசிவழி மடல் கடத்திய யூயூசிபி முறையில், வழியே முகவரியாயிற்று. மடல் கடக்கவேண்டிய கணினிகளை வியப்புக்குறியிட்டு அனுப்புநரே நிரல்பட எழுதினார். அனுப்புநர் மாறின் முகவரியும் மாறும். அது ‘அக்கரை’ போன்றது. இருமுறைகளும் ஒரே முகவரியிற் கலந்தபோது எதனை முதலிற் படிப்பது என்ற மயக்கம் எழுந்தது.

இம்மயக்கத்தைத் தீர்க்க முயன்றதே பேர்க்கிலியில் எரிக் ஓல்மன் ஆக்கிய சென்ட்மெயில். 1983இல் வெளிவந்த அச்செயலி, விதிகளைக் கொண்டு ஒருவகை முகவரியை மற்றொருவகையாக மாற்றி எழுதியது. பெறுநர் முகவரியோடு அனுப்புநர் முகவரியையும் முறையாக மாற்றுதல் வேண்டும்; அன்றேல் மடல் சேரும், மறுமொழி திரும்பாது. 1983இல் உருவான ஆள்களப் பெயர்முறையும், ஓர் ஆள்களத்தின் மடலை அதன்பொருட்டு வேறொரு கணினி ஏற்கலாம் என்ற 1986ஆம் ஆண்டு ஏற்பாடும் வழியையும் பெயரையும் பிரித்தன. இடையறா இணைப்பில்லா நாடுகளும் நிலையான பெயர் பெற இதனால் இயன்றது. இலங்கைக்குரிய ‘எல்கே’ ஆள்களம் 1990இல் வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் இடைவழங்கிகள் எவர் மடலையும் எவர்க்கும் கடத்தின. விளம்பர மடல்கள் பெருகி அந்நல்லெண்ணத்தைச் சுரண்டவே, 1998இல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு அவ்வழக்கத்தை மாற்றியது. தனக்கு வருவனவும் தன் கணினியினின்று செல்வனவும் தவிர, வெளிப்படையாக இசைவளிக்கப்பட்ட ஆள்களங்களின் மடல்களையே வழங்கி கடத்தலாயிற்று.

முகவரி மாற்றத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் உள்ளது. அதன் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமோ கல்லடியில் உள்ளது. இவ்வாறு பலவிடங்களிற் பரந்த நிறுவனமொன்றின் மடல்களிலுள்ள உட்கணினிப் பெயர்களை நீக்கி, யாவற்றையும் ஒரே ஆள்களப் பெயரில் வழங்கி வெளியிடவியலும். ஆயின், இரு கணினிகளில் ஒரே பயனர் பெயர் கொண்ட இருவர் இருப்பின், ஒருவர்க்குரிய மறுமொழி மற்றவரைச் சேரும். எனவே முதலில் பெயர்ப் பதிவேட்டைச் செம்மைப்படுத்துதல் இன்றியமையாதது.

2010இல் ‘இலங்கை’ என்னும் தமிழ் மேல்நிலை ஆள்களம் நடைமுறைக்கு வந்தது. 2012இல் வகுக்கப்பட்ட நியமங்கள் ‘@’ குறியின் இருபுறமும் தமிழெழுத்து அமைய இடந்தந்தன. ஈண்டு ஒரு மாற்றம் நோக்கற்பாலது. அத்தகைய முகவரியை வழியிலேயே இலத்தீன் எழுத்து முகவரியாக இறக்கி எழுதும் முந்தைய சோதனை முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த வழங்கி தமிழ் முகவரியை ஏற்காதாயின் மடல் அனுப்பியவரிடமே திரும்பும். பெயரைத் திரித்துக் கொண்டுசேர்ப்பதினும், சேராமை அறிவித்தலே நேர்மை என்பது அம்முடிபின் பொருள். இனி மாறவேண்டியது பெயரன்று. அதனை ஏற்க அறியாத வழங்கியே ஆகும்.