பழைய காரில் 'டக் டக்' சத்தமா? எப்போது ஓட்டலாம், எப்போது உடனே நிறுத்தணும்?

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் காரில் இன்ஜின் சத்தம் மாறினால் பலரும் 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். சில சத்தங்கள் சின்ன செட்டிங்கிலேயே சரியாகிவிடும். ஒரு சத்தம் மட்டும், தொடர்ந்து ஓட்டினால் இன்ஜினையே காலி பண்ணிவிடும். எது எது? பார்க்கலாம்.

முதலில் ஆயில் பாருங்க

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால், வண்டிக்குச் சொல்லப்பட்ட கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் குறைவாக இருப்பதே பல சத்தங்களுக்குக் காரணம்.

மேலிருந்து மெல்லிய 'டிக் டிக்'

தையல் மெஷின் ஓடுவது போல, இன்ஜினின் மேல்பகுதியில் கேட்டால் அது பெரும்பாலும் டேப்பெட் சத்தம். வால்வு இடைவெளி கூடியிருக்கும். மாருதி 800 போன்ற வண்டிகளில் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ணினாலே அடங்கிவிடும். பயப்பட வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

மேடு ஏறும்போது மட்டும் 'கிணி கிணி'

டாப் கியரில் மேடு ஏறும்போதோ, ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ வரும் இந்தச் சத்தம், பெட்ரோல் சீராக எரியாமல் சிலிண்டருக்குள் தானாக வெடிப்பதால் வருவது. இக்னிஷன் டைமிங் மாறியிருக்கலாம், கார்பன் படிந்திருக்கலாம், இன்ஜின் அதிகம் சூடாகலாம். அப்போதைக்குக் கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள். தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும்.

'இ20 பெட்ரோலால்தான் இந்தச் சத்தமோ?' என்ற சந்தேகம் வரலாம். எத்தனால் ஆக்டேன் அளவைக் கூட்டும். அதனால் இந்தச் சத்தம் குறையத்தான் வாய்ப்பு அதிகம். பழைய வண்டிகளில் இ20-ஆல் கவனிக்க வேண்டியது ரப்பர் ஹோஸ், கேஸ்கட் போன்ற பாகங்களை.

காலையில் மட்டும் வருகிறதா?

ஸ்டார்ட் பண்ணியதும் கேட்டு, இன்ஜின் சூடானதும் மறைந்தால், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும் சத்தமாக இருக்கலாம். உடனடி ஆபத்து இல்லை. ஆனால் ஆயில் எவ்வளவு குறைகிறது என்று வாராவாரம் பாருங்கள்.

கீழிருந்து கனமான 'டொக் டொக்': உடனே நிறுத்துங்க

சுத்தியலால் அடிப்பது போல இன்ஜினின் அடிப்பகுதியில் கேட்கும். ரேஸ் கொடுத்தால் வேகமாகும், சூடாகி ஆயில் இளகினால் இன்னும் கூடும். இது கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்ததன் அறிகுறி. சிவப்பு ஆயில் லைட்டும் எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ராடு உடைந்தால் இன்ஜின் பிளாக்கிலேயே ஓட்டை விழும். ஒர்க்‌ஷாப்புக்கும் கட்டி இழுத்துத்தான் போகணும்.

மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் இணைப்பையும் தனித்தனியாகத் துண்டித்துப் பார்ப்பார். எதைத் துண்டிக்கும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்த சிலிண்டரில்தான். ஷாக் அடிக்கும் வேலை, வீட்டில் முயல வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போறீங்களா?

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்தால், ஆற விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சத்தத்தை மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றி விற்பதும் உண்டு. அதனால் அரை மணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு மறுபடி காது கொடுத்துக் கேளுங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.