பழைய கணினியும் யூனிக்ஸ் மரபும்



சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் 1964ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்தது. அக்காலத்தை ஒட்டியே ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தது. இவற்றைச் சுற்றித் தோன்றிய லேத் பட்டறைகளில் நான் சிறுவயது முதல் கண்டுவரும் வழக்கம் ஒன்று உண்டு. பழைய பொறியின் உடைந்த உறுப்பை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தால், அப்பொறியின் வயது என்னவென்று பட்டறைக்காரர் கேட்பதில்லை. “டிராயிங் இருக்குங்களா, சாம்பிள் இருக்குங்களா?” என்றுதான் கேட்பார். இரண்டில் ஒன்று இருந்தால் உறுப்பு உருவாகிவிடும். பொறியும் மீண்டும் ஓடும். இரண்டும் இல்லையேல் நல்ல பொறியும் பழைய இரும்புதான்.

கணினிக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நான் காலங்கடந்தே கற்றுக்கொண்டேன். கற்பதற்கு முன் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

2006ஆம் ஆண்டில் இப்புறநகர்ப் பகுதிப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் இருந்த கணினிகளுள் எட்டு, ஒரு தொழிற்சாலை கழித்துக் கொடுத்தவை. அவற்றில் ஓடிய விண்டோஸ் 98 என்னும் இயங்குதளத்துக்கு அவ்வாண்டு ஜூலையோடு ஆதரவு நின்றது. இளம் ஆசிரியர் ஒருவர் லினக்ஸ் குறுந்தகட்டைக் கொணர்ந்து ஒரு கணினியில் இட்டுப் பார்த்தார். சில வரிகள் ஓடின. பின்னர்த் திரை கறுத்துவிட்டது. “பொருந்தவில்லை” என்று நான் தீர்ப்புச் சொல்லி, எட்டையும் பயனற்றவை எனக் கழித்துக் கையொப்பமிட்டேன். பழைய இரும்புக் கடைக்காரர் அவற்றைத் தராசில் நிறுத்து எடுத்துச் சென்றார். அவ்வாண்டு செய்முறை வகுப்பில் ஒரு கணினிக்கு நான்கு மாணவர் அமர்ந்தனர். ஒருவர் தட்டச்சிட, மூவர் பார்த்துக்கொண்டிருந்தனர். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளே அவர்களுள் பலர்.

இனி, பொருத்தம் என்பது யாதெனக் காண்போம். இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆளும் நிரல்தொகுதி. ஒவ்வோர் உறுப்போடும் பேச அதற்கொரு சிறு நிரல் வேண்டும். அதனை இயக்கி என்பர். திரைக்கு ஓர் இயக்கி, வலையமைப்பு அட்டைக்கு ஓர் இயக்கி, ஒலிக்கு ஓர் இயக்கி. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம் வழக்கத்தைப் போல, இங்கும் பல பொருத்தங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று அமையாமையால் ஏனையவும் அமையா எனக் கொள்வது தவறு.

யூனிக்ஸ் பிறந்த கதையே ஒரு பழைய பொறியில்தான் தொடங்குகிறது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், அதிகம் பயன்படாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறுகணினியை எடுத்து, அதில் யூனிக்ஸின் முதல் வடிவை எழுதினார். அந்நிரல் அப்பொறியின் மொழியிலேயே எழுதப்பட்டமையால் வேறு பொறிக்குச் செல்ல இயலாததாயிருந்தது. 1973இல் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸின் கருப்பகுதியைச் சி என்னும் உயர்நிலை மொழியில் திருப்பி எழுதினர். அதன் பயன் சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1977ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும், பெல் ஆய்வகத்தில் ஒரு குழுவும் தனித்தனியே யூனிக்ஸை முற்றிலும் வேறான இன்டர்டேட்டா கணினிகளுக்குக் குடியேற்றின. பொறி மாறினும் இயங்குதளம் வாழும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயின், வணிகம் புகுந்தபோது வேலிகளும் எழுந்தன. 1982இல் தோன்றிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முதலிய நிறுவனங்கள், பொறியாளரும் ஆராய்ச்சியாளரும் மேசைமேல் வைத்துப் பணியாற்றும் ஆற்றல்மிக்க பணிநிலையக் கணினிகளைச் செய்தன. சன் நிறுவனத்துக்குச் சோலாரிஸ், ஐ.பி.எம்.முக்கு ஏ.ஐ.எக்ஸ்., ஹியூலெட்-பேக்கார்டுக்கு எச்.பி.-யு.எக்ஸ். என ஒவ்வொருவரும் தத்தம் பொறிக்கென ஒரு யூனிக்ஸை வளர்த்தனர். நம் நாட்டிலும், வங்கிகளில் கணினியைப் புகுத்துவது குறித்து டாக்டர் சி. ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை அளித்த பின்னர், வங்கிகள் பலவற்றில் யூனிக்ஸ் இடம்பெற்றது. ஆனால் செய்த நிறுவனம் ஒரு பொறியைக் கைவிட்டால், உறுப்புகள் நன்றாயிருந்தும் அப்பொறி அநாதையாயிற்று. வரைபடம் நிறுவனத்தின் பெட்டியில் பூட்டிக் கிடந்ததே காரணம்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளத்தை உலகுக்கு அறிவித்தார். தம்மிடம் இருந்த 386 வகைக் கணினிக்கும் அதன் வன்தட்டுக்கும் அப்பால் அது செல்லும் என அவரே அன்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூலநிரல் திறந்து கிடந்தமையால், தத்தம் பொறிக்கு வேண்டிய இயக்கியை உலகெங்கும் உள்ளோர் எழுதிச் சேர்த்தனர். 1995க்குள் லினக்ஸ் ஆல்ஃபா, ஸ்பார்க் ஆகிய பிற செயலிகளிலும் ஓடிற்று. 1993இல் தோன்றிய நெட்பி.எஸ்.டி.யும் இவ்வாறே பல்வகைப் பழைய பணிநிலையங்களுக்கு வாழ்வளித்தது.

அவ்வியக்கிகள் எழுந்த வகை இரண்டு. நிறுவனம் உறுப்பின் விவரத்தை வெளியிட்டால் அதைப் பார்த்து எழுதினர். இது வரைபடம் பார்த்துச் செய்வது. வெளியிடாவிடில், உறுப்பு நடந்துகொள்ளும் முறையைப் பலநாள் ஆராய்ந்து எழுதினர். இது மாதிரி பார்த்துச் செய்வது. நம் லேத் பட்டறையின் கேள்வியே இங்கும் எழுந்ததன்றோ?

சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு கூடி வருகிறது. அந்நாளில் ஆர்வலர்க்குப் பெருந்தொல்லை தந்தது ‘வின்மோடம்’ என்னும் தொலைபேசி இணைப்பு அட்டை. விலையைக் குறைக்கும்பொருட்டு அதன் வேலையிற் பெரும்பகுதியை விண்டோஸ் நிரலிடமே ஒப்படைத்திருந்தனர். ஆகவே, லினக்ஸில் அது வெறும் தகடாய்க் கிடந்தது.

2007இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. அம்பத்தூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

அவ்வாண்டு எங்கள் ஆய்வகத்தின் பத்துக் கணினிகளுக்கும் அதே நெருக்கடி வந்தது. கழிவுத் தாளும் என் மேசைக்கு வந்தது. இம்முறை நான் கையொப்பமிடவில்லை. முன்னாள் மாணவர் ஒருவரை அழைத்தேன். 2006இல் நடந்ததையும் அவரிடம் கூறினேன். அவர் சற்று அமைதியாக இருந்துவிட்டு, “ஐயா, அன்று கறுத்தது திரை மட்டுமாக இருக்கலாம். உள்ளே கணினி ஓடிக்கொண்டே இருந்திருக்கும். பெரும்பாலான திரை அட்டைகளுக்கும் பொதுவான ‘வெசா’ இயக்கியைத் தேர்ந்திருந்தால் படம் வந்திருக்கக்கூடும்” என்றார். எட்டுக் கணினிகளும் தராசில் ஏறிய காட்சி என் கண்முன் வந்தது. நான் விடையொன்றும் சொல்லவில்லை.

அவர் கற்பித்தபடி மாணவர்கள் குறிப்பேடு ஒன்றைத் திறந்தனர். கணினியினுள் உள்ள ஒவ்வோர் அட்டையும், செய்த நிறுவனம் எது, வகை எது என்று காட்டும் எண்களைத் தன்னுள்ளே தாங்கியிருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அதன் புகழ்பெற்ற பழைய செயலியின் பெயரும் அதுவே. லினக்ஸில் ஒரு கட்டளை இட்டால் இவ்வெண்கள் வரிசையாக வரும். அவற்றை எழுதி, எதற்கு இயக்கி உண்டு, எதற்கு இல்லை எனப் பார்த்தனர். பத்தில் ஏழு முழுமையாக ஓடின. இரண்டில் ஒலி மட்டும் வரவில்லை. ஒன்றன் தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் வீங்கியிருந்தன. அது ஒன்றே மெய்யாக இறந்த கணினி. குறிப்பேடு இல்லையேல் பத்தும் இறந்தவையாகவே எண்ணப்பட்டிருக்கும்.

லினக்ஸ் எப்பொறியையும் என்றென்றும் காக்கும் என்று நான் சொல்லவில்லை. எந்த 386இல் அது பிறந்ததோ, அந்தச் செயலிக்கான ஆதரவை 2012 டிசம்பரில் அதன் கருவிலிருந்தே நீக்கினர். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளுக்கென நிறுவும் தகடு தருவதையும் நிறுத்திவிட்டது. பேணுவோர் குறைந்தால் பேணப்படுவதும் குறையும். ஆயினும், மூலநிரல் திறந்திருப்பதால் வேண்டுவோர் எடுத்து மேலும் பேணலாம். பூட்டிய பெட்டியில் அவ்வழியும் இல்லை.

மாணவ மணிகளே! 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கும் பொது ஆதரவு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கப்படுகின்றன. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ அத்தகைய கணினி இருப்பின், கழிக்குமுன் ஒரு குறிப்பேட்டைத் திறவுங்கள். உள்ளிருக்கும் அட்டைகளின் எண்களை எழுதுங்கள். எது பொருந்தும், எது பொருந்தாது எனத் தனித்தனியே தேருங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் கேட்கும் கேள்வியை நீங்களும் கேளுங்கள். அதைக் கேளாமல் நான் இட்ட ஒரு கையொப்பத்தால் ஓராண்டுக் காலம் மூன்று பிள்ளைகள் கைகட்டிப் பார்த்திருக்க, ஒரு பிள்ளை மட்டும் கற்றது. அந்நிலை உங்கள் வகுப்பில் வாராதிருக்கட்டும்.