பகைவர் ஏட்டில் பிலாலர்

மத்திய ஆப்பிரிக்காவில், சாடு நாட்டின் நடுப்பகுதியில், பித்ரி என்னும் ஆழமற்ற ஏரி ஒன்று உண்டு. கிழக்கேயிருந்து வரும் பாத்தா ஆறு மழைக்காலத்தில் அதனை நிரப்புகிறது. வறட்சிக் காலத்தில் அது சுருங்கிவிடுகிறது. அவ்வேரியின் கரையில், யாவோ என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு வாழும் இஸ்லாமிய மக்களே பிலாலர். 1993ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் அவர்கள் ஏறத்தாழ 1,36,000 பேர். இச்சிறு மக்கள் ஒரு காலத்தில் பேரரசொன்றை அதன் தாயகத்தினின்று துரத்தியவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி. அதனினும் கருதத்தக்கது, அச்செய்தி நமக்கு வந்து சேர்ந்த வழியாகும். பிலாலரின் பழம்போர்களைக் குறித்து நாம் அறிவன பெரும்பாலும் அவர்தம் பகைவர் எழுதிவைத்தவையே.

சாடு ஏரியின் வடகிழக்கில் இருந்தது கானெம் அரசு. அதனை ஆண்டவர் சைபாவா வம்சத்தார். பதினோராம் நூற்றாண்டிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்கள். நிஜிமி அவர்களது தலைநகர். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாலர் அவர்களுக்கு எதிராக எழுந்தனர். அவ்வம்சத்தின் மன்னர் வரிசையைக் கூறும் ஏட்டில் நான்கு அரசர்கள் அடுத்தடுத்துப் பிலாலரோடு பொருது மாண்டதாகக் காண்கிறோம். அவர்களுக்குப் பின் வந்த உமர் என்னும் மன்னர் உலமாக்களின் ஆலோசனையைக் கேட்டு, நிஜிமியைக் கைவிட்டுச் சுற்றத்தாரோடு சாடு ஏரியின் மேற்கே போர்னுவுக்குச் சென்றார். இது 1380களில் நிகழ்ந்தது. கானெம் பிலாலர் வசமாயிற்று. வென்றவர்களும் அன்னியர் அல்லர். பிலாலரின் ஆளுங்குடி சைபாவா வம்சத்தின் ஒரு கிளையே என்பது மரபு. இஸ்லாமிய உலகம் என்றும் ஒரே உடலாக இயங்கிவந்தது என எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இவ்விரு குடிகளின் சரித்திரத்தைப் படிப்பது நலம். ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த உறவினர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பொருதனர்.

இப்போர்களை விரிவாக எழுதியவர் அகமது இப்னு பூர்து. அவர் போர்னு மன்னர் இத்ரீஸ் அலாவ்மாவின் இமாம். மன்னரின் படையெழுச்சிகளை 1570களில் அரபு மொழியில் எழுதினார். அவரது நூல் அரசனுக்காக எழுந்த நூல். அதில் வெற்றிகள் மன்னருடையவை, வாக்குத் தவறுதல் பிலாலருடையது. எனினும் அவர்கள் முஸ்லிம்கள் என்பதையும், தம் மன்னருக்கு உறவினர் என்பதையும் அவர் மறைத்தாரில்லை. இரு அரசுகளுக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டதையும் அவரே குறிக்கிறார். பகைவனின் சாட்சியாயினும் அது முற்றும் பொய்ச்சாட்சி அன்று.

பிலாலரின் எழுச்சிக்குத் தம் முன்னோரின் பாவத்தையே அவர் காரணமாகக் காட்டுவது நம்மைப் போன்ற திருமறை மாணாக்கரின் கருத்தை ஈர்க்கும். சைபாவா அரசரிடம் ‘முனே’ என்றொரு பொருள், சுற்றப்பட்டு மறைவாய்க் காக்கப்பட்டு வந்ததாம். போரில் அவர்களது வெற்றி அதனைச் சார்ந்திருந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட துனாமா திப்பலேமி, மக்கள் தடுத்தும் கேளாமல் அதனைத் திறந்தார், உள்ளிருந்தது பறந்து போயிற்று, கேடு தொடங்கியது. இதனைச் சொல்லும் இமாம், தாலூத் அரசனின் காலத்து இஸ்ரவேலரின் பெட்டியைக் குறித்துக் குர்ஆன் கூறுவதை நினைவுகூர்கிறார். தாலூத் என்பவர் நம் வேதாகமத்தின் சவுலே. பெட்டிக்குள் பார்த்த பெத்ஷிமேசின் மனிதர் மடிந்ததை 1 சாமுவேல் ஆறாம் அதிகாரத்தில் படித்த நமக்கு, இக்கதையின் போக்கு புதியதன்று. துனாமா முனேயைத் திறந்ததை, இஸ்லாத்துக்கு முற்பட்ட வழிபாட்டை ஒழிக்கும் செயலாகவே ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், பக்தியால் செய்த செயலையே பின்வந்த இமாம் நாட்டின் கேட்டுக்குக் காரணமாக்குகிறார்!

இவ்விடத்தில் இராஜாக்களின் புத்தகங்களை நாம் நினையாதிருக்க இயலாது. வட இஸ்ரவேலின் வரலாறு நமக்கு யூதாவின் பார்வையிலேயே வந்தது. உம்ரி சமாரியாவைக் கட்டியவன். அசீரியரின் கல்வெட்டுகள் அந்நாட்டையே அவன் பெயரால் அழைத்தன. ஆனால் 1 இராஜாக்கள் பதினாறாம் அதிகாரம் அவனுக்கு ஒதுக்குவது ஒரு சில வசனங்களே. 1868இல் யோர்தானுக்குக் கிழக்கே, தீபோனில், மோவாபிய அரசன் மேசாவின் கல் கிடைத்தது. அதனைக் கண்டு அறிவித்தவர் கிளைன் என்னும் மிஷனெரி. உம்ரி மோவாபை ஒடுக்கியதற்குத் தன் தேவனாகிய கேமோஷின் கோபமே காரணம் என அதில் மேசா சொல்லுகிறான். அக்கல் கிடைத்த நாள் முதல் 2 இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தை நாம் இருபுறமும் கேட்டுப் படிக்கிறோம். நிஜிமியைப் பிடித்த பிலாலர் அதற்கு யாது காரணம் கூறினர்? தம் வெற்றியை எவர் அருளாக எண்ணினர்? அவர்களுக்கு ஒரு மேசாவின் கல் இல்லை. 1850களில் போர்னுவில் தங்கிய ஜெர்மானியப் பயணி ஹென்ரிக் பார்த் அரிதின் முயன்று பெற்ற மன்னர் வரிசை ஏடும் இமாமின் நூலும் சைபாவா அரசைச் சார்ந்தவையே. ஆகவே அவற்றில் பிலாலர் ‘எதிரி’ என்னும் இடத்தில் மட்டுமே நிற்கின்றனர். அவ்விடத்திலிருந்து அவர்களை விலக்கி நோக்குவது படிப்பவரின் கடமை.

பிற்காலச் செய்திகளைச் சுருக்கமாகவே கூறலாம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்னு மன்னர் நிஜிமியை மீட்டார். ஆயினும் சைபாவா அரசர் அங்கே திரும்பிக் குடியேறவில்லை. இத்ரீஸ் அலாவ்மா துப்பாக்கிப் படையோடு பலமுறை கானெம்மீது சென்றும் பிலாலர் ஒழிந்தாரில்லை. பதினேழாம் நூற்றாண்டில் துஞ்சூர் என்னும் வேறொரு குடியாரே அவர்களைக் கானெமினின்று அகற்றினர். பித்ரி ஏரிக்கரையில் கூக்கா மக்களை வென்று பிலாலர் அரசு நிலைபெற்றது; பின்னர் கிழக்கேயிருந்த வதாய் சுல்தான்களுக்குத் திறை செலுத்தியது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்தது.

வென்ற பிலாலர் வெல்லப்பட்ட கூக்கா மக்களின் மொழியையே தம் மொழியாக ஏற்றனர். நாபா எனப்படும் அம்மொழியைப் பிலாலரும் கூக்கா மக்களும் மெதோகோ மக்களும் இன்றும் பொதுவாகப் பேசுகின்றனர். யாவோவில் சுல்தான் ஒருவர் இன்றும் இருக்கிறார்.