அணிலும் ஆளில்லா வீடும்

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்கு எட்டவில்லை. அவர்கள் ஆண்ட சொற்றொடரே பெயராக நிலைத்துவிட்டது. குறுந்தொகையின் 40ஆம் பாடலுக்குரியவர் செம்புலப்பெயல்நீரார். அடுத்த பாடலுக்குரியவர் அணிலாடு முன்றிலார். காதலன் உடனிருக்கையில் விழாக்கொண்ட ஊரைப்போல மகிழும் தலைவி, அவன் நீங்கினால் மனிதர் விட்டுப்போன வீட்டைப்போல ஆகிவிடுகிறாள். அவ்வீட்டின் தனிமைக்குப் புலவர் காட்டும் சான்று இடிந்த சுவரன்று. முற்றத்தில் அச்சமின்றி விளையாடும் அணில். வீட்டை அண்டி வாழும் அவ்வுயிர் ஆளரவம் கேட்டால் ஒதுங்கும் என்பதை நுணுகிக் கண்டவரே இப்படிப் பாடியிருக்க முடியும் என்று நாம் கருதுகிறோம்.

பக்தி மரபில் அணில் வேறொரு தகுதி பெற்றது. சேது கட்டும் பணிக்கு உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் நினைவுகூர்கிறார். முதுகுக் கோடுகள் இராமன் விரல் பட்ட தடம் என்னும் வழக்கு அப்பாசுரத்தில் இல்லை. ஆயினும் அணிலைத் துன்புறுத்தலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நம் முன்னோருக்கு அவ்வழக்கே போதுமானதாக இருந்தது.

பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமம் வட்டாரம் பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போனது. இங்குள்ள ஓட்டு வீடுகளில் அணில் பரணேறுவது புதிதன்று. ஓட்டின் இடுக்கில் நுழைந்து, நாரும் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டும். பரணில் வைத்த துணியைக் கடித்துக் குதறும். மழைக்காலத்திற்கு முன் ஓடு மாற்றும்போது இடுக்கை அடைப்பதே இதற்கு எளிய தீர்வு. ஆனால் கூட்டில் குட்டியிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் பிறக்கும். அவை தாய்ப்பாலை மறக்கச் சுமார் 10 வாரங்கள் ஆகும். அதற்குமுன் வழியை அடைத்தால் தாய் வெளியிலும் குட்டிகள் உள்ளிலுமாகச் சிக்கி, குட்டிகள் பட்டினியால் மடியும்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இவ்வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் பெருமளவில் சாய்த்தது, கூரைகளையும் பெயர்த்தது. கீற்றும் ஓடும் இருந்த இடங்களில் கான்கிரீட் தளங்கள் பெருகின. அத்தளத்தில் பரண் உண்டு, அணில் நுழையும் இடுக்கு இல்லை. பிழைப்புக்காக நகரம் சென்றோர் பூட்டிவிட்டுப் போன பழைய ஓட்டு வீடுகளில்தான் அணிலுக்கு இப்போது தடையற்ற இடம்.

அணில் தொல்லை என்று அலுத்துக்கொள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் வாழ்க்கை நடக்கிறது என்று பொருள். அலுத்துக்கொள்ளவும் ஆளில்லாத வீட்டைத்தான் அணிலாடு முன்றிலார் பாடினார். நம் ஊர்களில் அத்தகைய வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கையில், அது பழம்பாடல் என்ற நினைவே நமக்கு அகன்றுவிடுகிறது.